காலுக்குக் கீழே என்ன?

ஆனி, ஆடி மாதங்களில் கூடலூர் பேருந்து நிலையத்தில் சும்மா நின்றாலே ஒரு வேடிக்கை பார்க்கலாம். குமுளியிலிருந்து இறங்கி வரும் ஜீப்புகளில் ஆட்கள் சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு வந்து இறங்குவார்கள். இங்கே தரையில் புழுதி பறந்துகொண்டிருக்கும். குடைக்கம்பியிலிருந்து விழும் துளியைப் புழுதி உருட்டிக் குடித்துவிடும். மலை ஒரு சுவர். அந்தப் பக்கம் மழை நின்று பெய்கிறது. இந்தப் பக்கம் மழையின் காற்று மட்டும், ஈரத்தையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறது. என் வேலைக்காலம் முழுவதும் அந்தச் சுவரில் ஏறி இறங்கியதுதான். வனக்காப்பாளராகச் சேர்ந்தேன். முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஐம்பதைத் தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது என் இடத்தில் இருக்கும் சரண்யா போன் செய்தாள்.

"அக்கா, புதுசாச் சேர்றவுகளுக்கு ஒரு கையேடு போடுறாக. பனிக்குள்ள நீங்க மூணு கேள்வி கேப்பீகளாம்ல? அத எழுதிக் குடுங்க. எந்த ஒசரத்துல என்ன மரம், என்ன சத்தம், என்ன வாசம்னு கட்டம் போட்டுக் குடுத்தாப் போதும்."

"அதான் இப்ப போன்லயே எடம் காட்டுதுல்ல?"

"அது எங்கக்கா காட்டுது? நீலப் புள்ளி நமக்கும் கேரளாவுக்கும் ஊஞ்சல் ஆடுது."

கட்டம் போடத்தான் உட்கார்ந்தேன். கோடு வரையக் கை போகவில்லை. அதற்குப் பதிலாக இது வந்தது.

பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், கயிறு ஏறினோம், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தோம். நினைவில் நிற்பது வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலகப் படம் ஒன்றுதான். அதில் நாடுகள் இல்லை. பூமியின் இடுப்பைச் சுற்றி மழைக்காட்டின் கரும்பச்சை, அதற்கு மேலும் கீழும் புல்வெளியின் மஞ்சள், பிறகு பாலையின் செம்பழுப்பு, இன்னும் தள்ளி ஊசியிலைக் காடு, உச்சியில் மரமே முளைக்காத உறைநிலம். பட்டை பட்டையாகப் புடவை கட்டி நின்றது பூமி. ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கப்பல் ஏற வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வேலையில் சேர்ந்து முதன்முறை மலையேறிய அன்று, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பல பட்டைகளை நடந்தே கடந்திருந்தேன்.

அடிவாரத்தில் முள்காடு. வெள்வேல், கிளுவை, சப்பாத்திக்கள்ளி. ஆட்டுப்புழுக்கை வெயிலில் காயும் வாசம். அதற்கு மேலே இலையுதிர் காடு. கோடையில் எலும்பாக நிற்கும். மிதித்தால் சருகு அப்பளம் போல நொறுங்கும். இன்னும் ஏறினால் வெளிச்சம் சட்டென்று பச்சையாகும். கருமந்தி உறுமும், அட்டை காலில் ஏறும். அதற்கும் மேலே, மேகம் வந்து தங்கும் உயரத்தில், மலையின் மடிப்புகளுக்குள் சோலை. கூன் விழுந்த குட்டை மரங்கள் பாசியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். சோலைக்கு வெளியே மலையின் முதுகெல்லாம் புல். இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டில் நின்றால் ஒரு காதில் காற்று இரையும். மறு காதில் கிணற்றுக்குள் தலையை விட்டது போல ஒன்றும் கேட்காது. அங்கே வந்ததும் எவ்வளவு வாயாடியானாலும் குரல் தணிந்துவிடும். ஏன் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் ரேஞ்சர் ஆரோக்கியசாமி, பள்ளத்தாக்கில் மாதா கோயில் உள்ள ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். யாரையும் அதட்ட மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் முணுமுணுக்கத் தொடங்கினால் நாங்கள் நடுங்குவோம். சின்ன வயதில் கோயில் பாடற்குழுவில் பாடியவர் என்பதால் காதின் மேல் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. மேகம் இறங்கி மலை வெள்ளையாகிவிட்ட நேரங்களில் வாக்கி-டாக்கியில் அவர் யாரையும் "எங்க இருக்க?" என்று கேட்டதே இல்லை.

"தெரிஞ்சா அவன் ஏன் தாயி தொலையப் போறான்?" என்பார். "தெரியிறத மட்டும் கேக்கணும்."

அப்படி வந்தவைதான் மூன்று கேள்விகள். காலுக்குக் கீழே என்ன? மூக்கில் என்ன? காதில் என்ன? சருகா, சேறா, புல்லா, பாசியா? மாட்டு வாசமா, மக்கிய இலையா? சில்வண்டா, மந்தியா, இருவாச்சியின் சிறகடிப்பா? பதிலைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடி, எந்தப் பட்டையில் நிற்கிறோம் என்று கொட்டகையிலிருந்தே சொல்லிவிடுவார். அடுத்து எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதையும் சொல்வார். தவறியதில்லை.

"கண்ணப் பனி மூடும். மூக்கச் சளி மூடும். காத மூட இந்த மலையில ஒண்ணும் கெடையாது" என்பது அவர் கணக்கு.

அதில் எங்களுக்குப் பிடித்த பதில் மயில். மயில் முள்காட்டுப் பறவை. அது அகவினால் அடிவாரம் வந்துவிட்டது, தார்ச் சாலை பக்கத்தில்தான் என்று பொருள். இறங்கி வரும்போது அந்தக் குரல் கேட்டதும் தலைத்துண்டை அவிழ்ப்போம், ஆண்கள் பீடி பற்றவைப்பார்கள். "மயிலு கத்திருச்சு" என்றால் எங்கள் பேச்சில் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். அலுவலகத்தில் மாலையானதும் கிளம்புபவர்கள்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பனிக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வெள்ளைக்குள் சொன்ன பெயரை வெள்ளை கற்றுக்கொள்ளும், அப்புறம் அது கூப்பிட ஆரம்பித்துவிடும் என்பார்கள். பனிக்குள் உன் பெயர் கேட்டால் திரும்பாதே, நிற்காதே, வேகமாகப் போய்விடு. இதை ஆரோக்கியசாமி ஐயா நம்பவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. இதை எங்கள் எல்லாரையும்விட ஆழமாக நம்பியவன் பாண்டி.

பாண்டி வேட்டைத் தடுப்புக் காவலர். என் வீட்டுக்காரரின் ஊர்க்காரன், அந்த உரிமையில் என்னை மதினி என்பான்.

"மதினி, ஒங்க முட்டி சத்தத்துக்கே ஆன ஓடிரும். வெடியெல்லாம் எதுக்கு?"

"ஒம் வாய்ச் சத்தத்துக்கு அது வெசம் குடிச்சிரும் கொழுந்தா. பைய நட."

இப்படித்தான் போகும் எங்கள் பேச்சு. அவனுக்கு அப்போது கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை இன்னும் தொட்டிலில் போடவில்லை. வரும் வெள்ளிக்கிழமை போட வேண்டும், அதற்கு விடுப்பு வேண்டும் என்று ஐயாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

தென்மேற்குக் காற்று பிடித்ததும் உச்சிப் புல்வெளியில் எல்லைக் கற்கள் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முறை. ஆளுக்கு ஒரு முனையிலிருந்து நடந்து நடுவில் சந்திக்க வேண்டும். அன்று வடக்கு முனை எனக்கு, தெற்கு முனை பாண்டிக்கு. ஐயா சோலைக்குக் கீழே இருந்த தகரக் கொட்டகையில் வாக்கி-டாக்கி செட்டும் கையுமாக நின்றார். காலையிலிருந்து வெயில். பாதி தூரம் போயிருப்பேன், கேரளப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மேகம் பால் பொங்குவது போல விளிம்பைத் தாண்டியது. சற்று நேரத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பகல் வெளிச்சம் அப்படியே இருந்தது. அதுதான் பயம். இருட்டு என்றால் எதையோ மறைக்கிறது என்று தெரியும். இந்த வெள்ளை மறைப்பதாகவே காட்டிக்கொள்ளாது. உலகத்தில் இருந்ததே இவ்வளவுதான் என்று சொல்லும்.

வெகு நேரம் செட்டில் வெறும் இரைச்சல்தான். பிறகு ஐயாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சொல்லுங்க. காலுக்குக் கீழ என்ன?"

எனக்குப் பக்கத்தில் எல்லைக் கல் இருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்து, இருக்கும் இடத்தைச் சொன்னேன். என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அவனிடம் போனார்.

"நான் அப்பவே எறங்க ஆரம்பிச்சிட்டேன் ஐயா" என்றான் பாண்டி. "எறக்கத்துலதான் போய்க்கிட்டிருக்கேன். காலுக்குக் கீழ புல்லு. ஓவர்."

"மூக்குல?"

"சளிங்கய்யா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயாவுக்கு வரவில்லை. "காதுல?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, "மயிலு கத்துது ஐயா! நல்லாக் கத்துது."

ஐயா மூச்சு விடுவது கேட்டது. இலையுதிர் காட்டுக்குக் கீழேயும் புல் உண்டு. இறக்கம், புல், மயில். எல்லாம் பொருந்தியது. "அப்ப அடிவாரத்துக்குப் பக்கத்துல வந்துட்ட. மயிலுச் சத்தத்தப் புடிச்சே நேரா போ. ரோடு வந்துரும்."

"மயிலு கத்திருச்சு மதினி! நீங்க கல்லக் கட்டிப் புடிச்சுக்கிட்டு இருங்க. நான் டீக்கடைக்குப் போறேன்" என்றான். "வேணும்னா நீங்களே கேளுங்க."

செட்டை உயர்த்திப் பிடித்திருப்பான் போல. காற்று. காலடி. பிறகு என் கைக்குள்ளிருந்து மயில் அகவியது, நீளமாக, தேய்ந்து.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அதே அகவல் எனக்கு முன்னால் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது.

நான் செட்டைப் பார்த்தேன். வெள்ளையைப் பார்த்தேன். மறுபடியும் கையில் அகவியது. மறுபடியும், ஒரு மூச்சுக்குப் பிறகு, காற்றில். ஒரே குரல், ஒரே தேய்வு. அடிவாரத்தில் கத்தும் மயில் என் வெறுங்காதில் விழ முடியாது. பாண்டி இறங்கவே இல்லை. பனிக்குள் திசை மாறி, புல்வெளியின் கிழக்குச் சரிவில், எனக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறான். அந்தச் சரிவு மெதுவாக இறங்கி, இறங்கி, சட்டென்று முடியும். அதற்குப் பிறகு பாறையின் முகம். அதற்குக் கீழே, தொலைவில், கூடலூரின் தென்னந்தோப்புகள். மயில் அந்த விளிம்பில் நின்று கத்துகிறது. மேகத்துக்குள், சோலைக்கும் மேலே, அது வரவே கூடாத பட்டையில்.

பட்டனை அழுத்தி "நில்லு" என்றேன். போகவில்லை. ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மற்றவர் பேச்சு போகாது. அவன் செட்டின் பட்டன் ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அவனுக்கு அது தெரியவில்லை. அவன் நடப்பது கேட்கிறது, மூச்சு கேட்கிறது, வெள்ளிக்கிழமை என்னவோ வாங்க வேண்டும் என்று தனக்குத்தானே முனகுவது கேட்கிறது. சொல்லத்தான் வழியில்லை. கீழே ஐயாவுக்கும் அதே கதி.

எழுந்து நின்று வயிற்றிலிருந்து கத்தினேன். "பாண்டீ!"

ஒரு மூச்சு கழித்து என் குரல் என் கையிலிருந்து எனக்கே கேட்டது. சின்னதாக, யாரோ ஒரு பெண், எங்கோ கிணற்றடியில் நின்று அவனைக் கூப்பிடுவது போல. அந்தக் குரல் எனக்கே பயமாக இருந்தது.

செட்டுக்குள் காலடி நின்றது. பிறகு "முருகா, முருகா" என்று முனகல். பிறகு காலடி ஓடத் தொடங்கியது.

பெயர் சொல்லிவிட்டேன். பனிக்குள் பெயர் கேட்டால் திரும்பாதே, வேகமாகப் போய்விடு. அவன் என்னைவிட்டு ஓடுகிறான். மயிலை நோக்கி ஓடுகிறான். இன்னொரு முறை கூப்பிட்டால் இன்னும் ஓடுவான். வெள்ளைக்குத் தெரியாதது, எங்களுக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது வேண்டும்.

"காலுக்குக் கீழ என்ன?" என்று கத்தினேன்.

ஒரு மூச்சு. என் கையில் என் குரல். ஓட்டம் தடுமாறியது.

"காலுக்குக் கீழ என்னா?"

"புல்லு!" என்று செட் சொன்னது, ஒரு மூச்சு கழித்துக் காற்றும் சொன்னது. அழுகிற குரல்.

"எந்தப் புல்லு? குனிஞ்சு கையால புடிச்சுப் பாரு!"

அப்போது அதை யோசித்துச் சொன்னேனா என்று தெரியவில்லை. அடிவாரத்துப் புல் இடுப்பளவு, கையை அறுக்கும். உச்சிப் புல் குட்டை. குத்துக்குத்தாகத் தலையணை போல அமுங்கும், பிழிந்தால் தண்ணீர் வரும். ஆனால் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். குனிய வேண்டுமென்றால் நிற்க வேண்டும்.

காலடி நின்றது. ஈரத்தில் கை அளையும் ஓசை.

"மதினி" என்றது செட். கிட்டத்தட்ட மூச்சாக. "தலகாணி மாதிரி இருக்கு மதினி."

"ஒக்காரு! அங்கனயே ஒக்காரு!"

உட்கார்ந்த சத்தம் கேட்டது. கையிலிருந்து நழுவிய கம்பு புல்லில் சறுக்கிக்கொண்டு போவது கேட்டது. பிறகு அது கல்லில் தட்டியது. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. அது விழுந்து சேரும் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். இன்றைக்கும் சில சமயம் காத்திருக்கிறேன்.

மேகம் விலக எவ்வளவு நேரம் ஆனதென்று சொல்ல முடியாது. விலகியபோது மேலிருந்து கீழாக விலகியது. முதலில் மயில் தெரிந்தது. விளிம்புக்கு அப்பால் உயரமாகத் துருத்தி நிற்கும் பாறையில், தோகை நனைந்து ஒட்டி, ஊறப்போட்ட துடைப்பம் போல. அப்புறம் பாண்டி, இரண்டு கையாலும் புல்லைப் பற்றிக்கொண்டு, விளிம்புக்கு ஓர் ஆள் நீளம் இப்பால். அவனுக்கும் மயிலுக்கும் நடுவே, வெகு கீழே, வெயிலில் மின்னும் வயல். மயில் எங்களை ஒரு பார்வை பார்த்தது. பறந்து வந்து புல்லில் இறங்கி, பாண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து, அந்தக் கோட்டைத் தாண்டிச் சோலைக்குள் போனது. அங்கே முன்பே வந்து குடியேறிவிட்ட பெட்டைகள் பதில் குரல் கொடுத்தன. வீட்டு ஆள் வீட்டுக்குள் நுழைவது போல இருந்தது.

மாலைக்கு முன்பே ஐயா மேலே ஏறி வந்துவிட்டார். அந்த விளிம்பில் போய் நின்றார். சோலைக்குள் மயில் அகவியது. தொப்பியைக் கழற்றினார்.

"நாந்தான் தாயி அவன அனுப்புனேன்" என்றார். குரல் உதட்டைத் தாண்டவில்லை. "ஒம் பேச்சு அவன் செட்டுல கேட்டுச்சு. கேட்டுக்கிட்டு சும்மா நின்னேன்."

"சத்தம் அப்படி இருந்துச்சு ஐயா. யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாக."

"சத்தம் பொய் சொல்லல." சோலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மயிலு மயிலாத்தான் கத்துச்சு. மலதான் எடம் மாறிக்கிச்சு."

பாண்டி அவர் பக்கத்தில் போய், "வெள்ளிக்கெழம லீவு உண்டுல்ல ஐயா?" என்றான். அவர் அவன் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை யாரிடமும் மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்காதே என்று எங்களுக்கும் சொல்லவில்லை. கால், மூக்கு என்று கேட்டுவிட்டு, கேள்வி இருந்த இடத்தில் கொஞ்சம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில் செட் இரையும்.

பாண்டி வேலையை விட்டுவிட்டான். இப்போது கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டுகிறான். நான் ஏறினால் காசு வாங்க மாட்டான்; முட்டியைக் கிண்டல் செய்வான். சாலையோரம் எங்காவது மயில் அகவினால் அவன் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். பின்னால் இருக்கும் ஆட்கள் மூக்கு முட்டித் திட்டுவார்கள். "சாமி வாகனம்ல, வழி விடணும்" என்று சிரித்துச் சமாளிப்பான். ஸ்டியரிங்கில் விரல்கள் புல்லைப் பற்றியது போல இறுகியிருக்கும்.

அதற்குப் பிறகு அடிவாரத்துக்கு உரியவை ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. சோலையோரத்தில் காகம். மூக்கில் என்ன என்று கேட்டால், மக்கிய இலையின் வாசம் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த தூசி. சோலைக் கோட்டைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்துவிட்ட முதல் உன்னிச்செடியை, கீழ்க்காட்டுக் களையை, பிடுங்கி எறிந்தேன். அடுத்த முறை போனபோது அதன் பிள்ளைகள் நின்றன. எதுவும் ஓடி வரவில்லை. நாங்கள் பார்க்காதபோது ஓர் அடி வைத்துவிட்டு, பார்த்ததும் மரமாகவும் செடியாகவும் நின்றுகொண்டது போல இருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்து, சரண்யாவிடம் கட்டம் வராது என்று சொல்லலாம் என்று இருந்தேன். இன்று முற்பகலில் அவளே கூப்பிட்டாள். பின்னால் காற்று.

"அக்கா, புதுசா வந்த புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஏறுனேன். பனி எறங்கிருச்சு. கேரளா டவர் கெடைக்கவும் கூப்புடுறேன். நாங்க எறக்கத்துலதான் போய்க்கிட்டிருக்கோம். மயிலு கத்துது. அப்ப கீழதான இருக்கோம்?"

அவள் சொல்லும்போதே எனக்கும் கேட்டது. போனுக்குள், நீளமாக, தேய்ந்து. அது காற்றிலும் வருமோ என்று என்னையறியாமல் ஒரு மூச்சு காத்திருந்தேன். வீட்டுக்கு வெளியே வெயிலும் தென்னை மட்டையின் ஓசையும்தான்.

"காலுக்குக் கீழ என்ன?" என்றேன்.

"முள்ளுக்கா. புல்லுக்குள்ள சின்னச் சின்னதா. வெள்வேலங் கன்னு மாதிரி இருக்கு."

"எந்தப் புல்லு? புடிச்சுப் பாரு."

குனிகிறாள். மூச்சு மாறுகிறது. "குட்டையாத்தான் இருக்கு. அமுங்குது. ஆனா காஞ்சிருக்கு. ஈரமே இல்ல." சிறிது நிறுத்திவிட்டு, "இது எந்த எடம்க்கா?" என்றாள்.

முள்ளும் குட்டைப் புல்லும் சேர்ந்து நிற்கும் இடம் என் மலையில் இருந்ததில்லை. மேலே என்றும் சொல்ல முடியவில்லை, கீழே என்றும் சொல்ல முடியவில்லை. பட்டைகளின் படம் கண்ணுக்குள் வந்தது, நனைந்து, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து.

"தெரியல ஆத்தா" என்றேன். "எல்லாரையும் இருக்குற எடத்துலயே ஒக்காரச் சொல்லு. பனி வெலகுற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது. போன வைக்காத, பேசிக்கிட்டே இரு."

"சரிக்கா." அவள் குரலைத் தணித்து யார் பெயரையும் சொல்லாமல், "ஒக்காருங்க, எல்லாரும் ஒக்காருங்க" என்றாள். ஒவ்வொருவராக உட்காருவது கேட்டது. நானும் இங்கே அடுப்படியில், முழங்கால் வலியோடு, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. இரண்டு உள்ளங்கைகளும் தரையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தன.